ஊரும் பேரும் இருக்கப் பட்டம் எதற்கு?

வலங்கைமான் பக்கத்தில் ஒரு குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடினோம். வடை பாயசத்தோடு ஒரு சிறுநூலையும் பரிமாறினார்கள். பதினாறு பக்கம். வடை அன்று சாயங்காலமே செரித்துவிட்டது. சிறுநூல் இன்னும் செரிக்கவில்லை. எழுதிய பெரியவர் எனக்கு ஒரு வகையில் சித்தப்பா முறை. அவர்மேல் மரியாதை உண்டு, அவருடைய வாதத்தின்மேல் கிடையாது.

அவர் சொல்வது இதுதான். வெள்ளைக்காரனுக்குக் குடும்பப்பெயர் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு தன் ஊர் மாதாகோயில் பதிவேட்டைப் புரட்டி நானூறு வருடத்து முப்பாட்டனைப் பிடித்துவிடுகிறான். நமக்கும் சாதிப்பட்டம் என்று ஒன்று இருந்தது. சுயமரியாதைக்காரர்கள் அதை வெட்டியதில் வேரே அறுந்துபோனது. இனி பேரப்பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் பட்டத்தைச் சேர்த்தால்தான் வம்சம் விளங்கும். நடுவில் ஒரு புலம்பலும் உண்டு: தாலுகா ஆபீஸில் போய்த் தேடிப் பயனில்லை, கர்ணத்தோடு எல்லாம் போயிற்று.

இவ்வளவு சொல்கிற நூலில் ஒரு பத்திர எண் இல்லை, ஒரு சர்வே எண் இல்லை. ‘சோழர் படைத்தலைவர் வழிவந்தோர்’ என்ற வாக்கியம் மட்டும் நான்கு இடத்தில் வருகிறது. இந்த டெல்டாவில் வம்சவரலாறு எழுதுகிறவர் எவரும் படைத்தலைவனுக்குக் கீழே இறங்குவதில்லை. எல்லாரும் தலைவர்கள் என்றால் வேல் பிடித்து நடந்தவன் எந்த ஊர்க்காரன்? அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டவன் யாருடைய பாட்டன்?

அது கிடக்கட்டும். பட்டத்தை வைத்து முன்னோரைத் தேட முடியும் என்ற மூல வாதத்துக்கு வருகிறேன். தேடிப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். ‘பிள்ளை’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மிராசுதாரும் பிள்ளை, கணக்கு எழுதியவரும் பிள்ளை, நாகஸ்வரமும் தவிலும் வாசித்தவர்களும் பிள்ளை. வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளையின் தவிலைக் கேட்டவர்கள் அவரை ஊரை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ‘பிள்ளை’யை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர் ஜில்லாவில் இறங்கினால், அறுவடை முடிந்த களத்தில் விதைநெல் ஒன்றைத் தேடுகிற கதைதான். பட்டம் சாதியைச் சொல்லும், அதுவும் பாதி நேரம் சரியாகச் சொல்லாது. அப்பன் யார், பாட்டன் யார் என்று கேட்டால் வாய் திறக்காது.

தமிழில் அடையாளம் இல்லாத ஆளை ‘ஊர் பேர் தெரியாதவன்’ என்கிறோம். பட்டம் தெரியாதவன் என்று யாரும் வைததில்லை. நம் ஆவணங்களும் இந்த வசவின் வழியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

வலங்கைமான்காரர் ஒருவரே சாட்சி. 1869இல் இந்த ஊரில் பிறந்த சீனிவாச சாஸ்திரி, வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று உலகம் கொண்டாடியவர். அவருடைய பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் வி, எஸ் என்று இரண்டு எழுத்து நிற்கும். வி என்பது வலங்கைமான், எஸ் என்பது தகப்பனார் சங்கரநாராயணர். இரண்டே எழுத்தில் ஊரும் அப்பனும். பின்னால் வரும் ‘சாஸ்திரி’யை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் காசிவரை போகலாம், குடமுருட்டிக் கரைக்கு வந்து சேரமுடியாது.

இந்த இனிஷியலைத்தான் சித்தப்பா ‘வெறும் ஒற்றை எழுத்து’ என்று இளக்காரம் செய்கிறார். என் இனிஷியலில் என் அப்பா, அவர் இனிஷியலில் என் தாத்தா, தாத்தாவுடையதில் அவர் அப்பா. ஒரு தலைமுறை தன் முந்தின தலைமுறையின் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கிறது. அதற்குமேல் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு. ‘பேரன்’ என்ற சொல்லே பெயரைத் தாங்கியவன் என்றுதான் பொருள்படும். பத்திரத்தில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்தால், அது நம் வீடுதானா என்று சந்தேகிக்க ஆரம்பிக்கலாம். குடும்பப்பெயர் மட்டும் இந்தத் துப்பைத் தராது.

இனி தாலுகா ஆபீஸ் புலம்பல். சித்தப்பா தேடியது திருவாரூர் மாவட்டக் கணக்கில். வலங்கைமான் அந்த மாவட்டத்தில் சேர்ந்தது 1997இல், அதற்குமுன் தஞ்சாவூர். தாத்தா காலத்துக் காகிதத்தைப் பேரன் காலத்து மாவட்டத்தில் தேடிவிட்டு இல்லை என்று கைவிரித்தால் காகிதம் என்ன செய்யும்? கர்ணம், முன்சீப் பதவிகளை 1980 நவம்பரில் ஒழித்தது உண்மை. அப்போது கணக்குகள் கைமாறியதில் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் ஊர்க்கணக்கு கர்ணத்தின் பெட்டியில் மட்டுமா இருந்தது?

சார்பதிவாளர் அலுவலகத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பதிவுச் சட்டப்படி அங்கே பெயர்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக ஓர் அட்டவணை. பெயர்வாரி அட்டவணையில் ராமசாமி ‘ரா’வில்தான் இருப்பார், பட்டத்தின் எழுத்தில் இருக்கமாட்டார். அதாவது, சித்தப்பா உயிர் என்று நினைக்கிற சாமான் தேடுகிற இடத்தில் செல்லாக்காசு. 1975க்குப் பிந்திய வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தியதற்கு மனுப்போட்டு, கட்டணம் கட்டி, கையால் தேடவைக்க வேண்டும். பொறுமை வேண்டும், இரண்டு மூன்று நடை நடக்க வேண்டும். அப்படிக் கிடைக்கிற பழைய கிரயப் பத்திரம் ஒன்று பத்து சிறுநூலுக்குச் சமம். ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்று தொடங்கி, இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்று ஆளை நிறுத்திவிட்டு, சொத்து எப்படி வந்தது என்று கதை சொல்லும்: பிதுரார்ஜிதமா, பாகப்பிரிவினையா, தாய்வழியா. கீழே செக்குபந்தி விவரம். நம் நஞ்சைக்கு மேற்கே யார், வடக்கே யார். அண்டை வயல்காரன் பெயரில்தான் பலசமயம் பிரிந்துபோன பங்காளி ஒளிந்திருப்பான்.

நானும் முதலில் பெயர் அட்டவணையிலேயே முட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் கொள்ளுத்தாத்தா பெயரில் அந்தக் கிராமத்திலேயே மூன்று பேர். சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டு சொத்து அட்டவணைக்குப் போன பிறகுதான் அவர் எந்த வாய்க்கால் கரைக்காரர் என்று தெரிந்தது. நிலம் நகராது. ஆள் பெயர் மாற்றினாலும் வயல் அதே இடத்தில் கிடக்கும். ஆளைத் தேடுகிறவன் வயலைத் தேட வேண்டும் என்பதை எனக்கு ஓர் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் சொல்லிக்கொடுத்தார். ஒரு தம்ளர் காபிதான் செலவு.

பிறப்புப் பதிவேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பதிவில் குழந்தையின் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும். பெயர் வைக்குமுன் பதிந்துவிடுவார்கள். ‘ஆண்’, ‘பெண்’ அவ்வளவுதான். அப்பா பெயரையும் தெருவையும் வைத்துத்தான் குழந்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். யு.டி.ஆர். என்ற நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டக் காலத்துப் பட்டாவில் பெயர்ப் பிழை மலிவு என்பதும் இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒரே காகிதத்தை நம்பி வம்சம் எழுதக்கூடாது.

சித்தப்பாவின் பிரம்மாஸ்திரம் தென்னாப்பிரிக்கா. அங்கே போன தமிழர்கள் பிள்ளை, நாயுடு, கவுண்டர், படையாச்சி என்று பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள், அதனால் அவர்களுக்கு வேர் தெரிகிறதாம். தலைகீழ். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று ‘பில்லே’ என்றும் ‘கவெண்டர்’ என்றும் பெயர் எழுதுகிறார்கள். ஊரைத் தேடும்போது அந்தக் குடும்பப்பெயரால் சல்லிக்காசு பிரயோஜனம் இல்லை. ஆயிரக்கணக்கான பில்லேக்களில் எந்தப் பில்லே? அவர்களைக் கரையேற்றுவது கப்பல் பட்டியல். அதில் ஆளுக்கு ஓர் எண். எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. எழுதியவன் காதில் விழுந்தபடி ஊர்ப்பெயரைச் சிதைத்திருப்பான். நம் வலங்கைமானையே பழைய ஆங்கிலக் காகிதத்தில் ‘வலங்கிமான்’ என்று படிக்கிறோம். ஆனாலும் வாசலைக் காட்டுவது அந்த ஊரும் தகப்பன் பெயரும்தான். சீனிவாச சாஸ்திரி 1927இல் இந்திய அரசின் ஏஜென்ட்டாகப் போய் இறங்கியதும் தென்னாப்பிரிக்காவில்தான். டர்பனில் அவர் பெயரில் சாஸ்திரி கல்லூரி. பட்டம் கல்லூரிச் சுவரில் ஏறிவிட்டது, வலங்கைமான் கப்பலேறித் திரும்பிவிட்டது.

குடும்பப்பெயர் இல்லாமல் வம்சம் தெரியாது என்கிறவர் ஐஸ்லாந்தைப் பார்க்கட்டும். பெரும்பாலோருக்கு அங்கே குடும்பப்பெயரே கிடையாது. அப்பா பெயரோடு மகன், மகள் என்று ஒட்டிக்கொள்வார்கள், நம் இனிஷியல் மாதிரி. தொலைபேசிப் புத்தகத்தில்கூட முதல் பெயர் வரிசைதான் இருந்தது. அந்த நாட்டுக்காரன் ‘இஸ்லெண்டிங்காபோக்’ என்ற தொகுப்பில் நூற்றாண்டுகள் பின்னால் போய்த் தன் முன்னோரைப் பார்க்கிறான். கொரியாவில் எல்லாருக்கும் குடும்பப்பெயர் உண்டு, ஐந்தில் ஒருவர் கிம். விளைவு? எந்த ஊர்க் கிம் என்று சேர்த்துச் சொன்னால்தான் ஆள் தெரியும். அவர்களும் ஊருக்கே வந்து சேர்ந்தார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன். தஞ்சைப் பெரியகோயில் சுவரில் ராஜராஜன் கோயில் பணிக்கு அமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியல் போட்டிருக்கிறான். ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் அளக்க வேண்டும், ஆகவே ஆள் மாறிவிடக்கூடாது. பெயருக்கு முன்னால் ‘நக்கன்’ என்ற ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது; அதை வைத்து ஒருத்தியையும் இன்னொருத்தியையும் பிரிக்க முடியாது. எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று எழுதினார்கள். நெல் அளக்கிறவனுக்குத் தெரிந்த விவகாரம் வம்சம் எழுதுகிறவருக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பாஸ்போர்ட் கஷ்டம் பொய்யல்ல. 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை ஏற்கமாட்டேன் என்றபோது நம் பையன்கள் விமான நிலையத்தில் பட்ட பாடு எனக்கும் தெரியும். அதற்குத் தீர்வு அப்பா பெயரையோ ஊர்ப்பெயரையோ அந்தக் கட்டத்தில் நிரப்புவது. துபாய்க் கவுண்டரில் நிற்கும் அதிகாரிக்கு நம் சாதி என்ன என்பது தெரிய வேண்டிய அவசியம் என்ன? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பட்டத்தைக் கைவிடத் தீர்மானம் போட்டார்கள்; பட்டம் அன்றே பாடையேறியது. நோயிலிருந்து பிழைத்தவர்களைப் பாடையில் சுமந்துவரும் பாடைக்காவடி எடுக்கிற ஊர்க்காரர் ஆதலால், பாடையில் போனதையெல்லாம் எழுப்பி உட்காரவைத்துவிடலாம் என்று சித்தப்பா நினைக்கிறார் போலிருக்கிறது. மாரியம்மன் நோயிலிருந்து பிழைத்தவர்களைத்தான் எழுப்புவாள், நோயை அல்ல.

சிறுநூலில் என்னை உண்மையிலேயே கோபப்படுத்திய வரி பதினோராம் பக்கத்தில் இருக்கிறது: ‘பட்டம் இல்லாதோருக்கு வரலாறும் இல்லை.’ இந்த வட்டாரத்து வயலில் நாற்று நட்டவர்கள், நடவு பாடியவர்கள், பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்கள் எல்லாரையும் ஒரே வரியில் துடைத்துவிட்டார். பழைய பட்டாவில் அவர்கள் பெயர் இல்லைதான், ஏனென்றால் நிலம் இல்லை. எழுதாதவன் குற்றத்தை எழுதப்படாதவன் தலையில் கட்டுவது என்ன நியாயம்? அவர்கள் பெயர் வருகிற ஏடுகள் வேறு. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்து, சாகுபடி செய்கிறவன் பெயரை ஏட்டில் ஏற்றச் சொன்னது. 1971 குடியிருப்புச் சட்டம் வந்து, மிராசுதார் மனைக்கட்டில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. ஒரு குடும்பத்தின் பெயர் நிலக்கணக்கில் முதன்முதலாக ஏறுகிற அந்த வரியைப் பார்த்திருக்கிறீர்களா, சித்தப்பா? பட்டம் இருக்காது. அப்பன் பெயர், மகன் பெயர், மனையின் அளவு. உங்கள் படைத்தலைவரைவிட அந்த வரி எனக்குப் பெரிது, அதற்கு ஆதாரம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகவாவது.

கடைசிப் பக்கத்தில் ஏழு தலைமுறை வம்சமரம் போட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டுப் பெயர். ஒரு பெண் பெயர் இல்லை. முப்பத்தெட்டுப் பேரும் வேம்பில் காய்த்தவர்களா என்று பந்தியிலேயே கேட்டுவிட்டேன். பெண்கள் பெயர் எங்கே கிடைக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி, அந்தப் பதினாறு பக்கத்தில் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி. ஸ்ரீதனப் பத்திரம் பாருங்கள், விதவைகள் ஜீவனாம்சம் கேட்ட வழக்குகளைப் பாருங்கள் என்றேன். முதலில் உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள் என்றும் சொன்னேன். எங்கள் வீட்டுப் பரணில் பாட்டி சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடம் ஒன்று இருக்கிறது. கழுத்தோரம் பாட்டியின் பெயர், பிறந்த ஊரின் முதலெழுத்து, அப்பா பெயரின் முதலெழுத்து, கல்யாணத் தேதி. பட்டம் வெட்டவில்லை. பெயர் வெட்டுகிறவனுக்கு எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.