மீசை முளைக்காத மாப்பிள்ளை



சென்ற மாதம் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு வரன் பேசினார்கள். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. தங்கையின் படிப்புச் செலவு முழுக்க அவன் தலையில்தான். பெண் வீட்டார் வந்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், போனார்கள். இரண்டு நாள் கழித்து ஆள் மூலம் பதில் வந்தது: "பையன் நல்ல பையன்தான். ஆனா மீசையே சரியா இல்ல, உடம்பும் குச்சியா இருக்கு."

இருபது கிலோ குலையை நாள் முழுக்கத் தூக்கிப் போடுகிறவனுக்கு இந்தப் பட்டம்!

எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. 1974இல் ஜொகூர் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போனேன். அன்றைய நாகரிகப்படி முடி காலரைத் தொடும். அங்கே ஓர் அலுவலகத்தில் சுவரொட்டி ஒட்டியிருந்தது, நீண்ட முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று. நெற்றி முடி புருவத்தைத் தொடக்கூடாது, காது மூடக்கூடாது, காலருக்குக் கீழே இறங்கக்கூடாது. படம் போட்டே காட்டியிருந்தார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் வேலையை முடித்துக்கொண்டு போக, நான் நின்றுகொண்டே இருந்தேன்.

நான் பட்டது கொஞ்சம். 1970இல் நம் நாட்டு இளைஞர்கள் மூவரை அங்கே பிடித்து வைத்து முடியை வெட்டிவிட்டார்கள். அது இரு நாட்டு மனத்தாங்கலாகி, பிரதமர் லீ குவான் இயூவின் கோலாலம்பூர் பயணமே அப்போது நின்றுபோனது. முடிக்காக! 1992இல் நம் நாட்டிலும் நீண்ட முடி ராக் பாடகர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியில் தடை வந்து, ஏமியும் அவியும் முடி வெட்டிக்கொண்டது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

நான் ஊர் திரும்பியதும் என் அப்பா, "ஆம்பளையா நீ? பொம்பள மாதிரி முடி!" என்று திட்டி, முடிவெட்டுகிறவரிடம் இழுத்துப் போனார். வீட்டுச் சுவரில் அவருடைய அப்பாவின் படம் மாட்டியிருந்தது. தலையில் குடுமி, காதில் கடுக்கன். அதைக் காட்டி எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி, நம் பையனுக்கு வருவோம். அவன் அம்மா ஒருநாள் வாசலில் வந்து அழுதார். "அண்ணே, பட்டணத்து ஜிம்முல எவனோ ஊசி விக்கிறானாம். உடம்பு ஏறும், மீசையும் வருமாம். காசு குடுத்து வாங்கிட்டு வந்துட்டான்."

தாய்மார்கள் இதைக் கவனியுங்கள். அப்படி விற்பது பெரும்பாலும் ஆண் சுரப்பு மருந்து. வெளியிலிருந்து ஏற்றினால், உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். விரை சுருங்கும், விந்தணு குறையும், இதயத்துக்கும் கேடு. ஆண்மைக்கென்று போட்ட ஊசி பிள்ளைப் பேற்றையே கெடுக்கலாம். மீசை அடர்த்தியோ பெரும்பாலும் பரம்பரை வாகு. அப்பன் பாட்டனுக்கு மெல்லிசு என்றால் இவனுக்கும் மெல்லிசுதான். பெண் வீட்டாருக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். பின்கட்டில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். கேட்டதும் மறைக்காமல் புட்டியை எடுத்து வந்தான். இன்னும் திறக்கவில்லை. மேலே தமிழும் இல்லை, மலாயும் இல்லை.

"டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றேன்.

"சிரிப்பாரு மாமா."

"சிரிச்சா என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். என் தலையில இப்ப ஒரு முடியும் கிடையாது."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. புட்டியை என் சட்டைப் பையில் போட்டான். புதன்கிழமை அவனுக்கு லீவு. இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போகிறோம்.