எத்தனை குதிரைத்திறன்?

மாப்பிள்ளையூரணியிலிருந்து கடற்கரைக்குப் போனால் மர வள்ளங்களையும் ஃபைபர் படகுகளையும் காணலாம். புதுப் படகு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எஞ்சின் எத்தனை குதிரைத்திறன்?" என்பதே. அடிப்பாகத்தைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

ஓடும் படகு நீரில் அலை எழுப்புகிறது. வேகம் கூடினால் அலைநீளமும் கூடும். அது படகு நீரைத் தொடும் நீளத்துக்குச் சமமானதும், முன்னே ஒரு முகடு, பின்னே ஒரு முகடு என்றாகிவிடும். அதற்கு மேல் விரட்டினால் பின்புறம் பள்ளத்தில் அமிழும். படகு தான் எழுப்பிய அலைமீதே மேடேற வேண்டும்! இந்த எல்லையை நீங்களே கணக்கிடலாம். நீர்மட்ட நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.25ஆல் பெருக்குங்கள். 9 மீட்டர் வள்ளத்துக்கு வினாடிக்கு 3.75 மீட்டர், அதாவது மணிக்கு 13.5 கிலோமீட்டர். பெரிய எஞ்சின் பூட்டினால் வேகம் சிறிதே கூடும். டீசல் செலவோ மளமளவென்று ஏறும்.

எல்லையைத் தாண்ட வேறு வழி உண்டு. ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் தத்தித் தத்திப் போகும்படி எறிந்திருப்பீர்கள் அல்லவா? அதுபோல நீர்மேல் வழுக்கிச் செல்வது. அதற்குத் தட்டையான அடிப்பாகமும் அகன்ற பின்புறமும் குறைந்த எடையும் தேவை. ஆனால் தட்டை அடிப்பாகம் அலையில் ஓங்கி அறையும். உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பைக் கேட்டால் தெரியும். அமெரிக்கரான ரேமண்ட் ஹன்ட், அடிப்பாகத்தைப் பின்புறம் வரை ஆங்கில 'வி' எழுத்தைப் போல ஆழமாக்கினார். அவ்வடிவில் அமைந்த 'மாப்பி' என்ற படகு 1960-இல் மயாமி–நசாவ் பந்தயத்தில் வென்றது. விசைப்படகு உற்பத்தியாளர்கள் பலர் அவ்வழியைப் பின்பற்றினர். இலவசமாக அல்ல, ஆழமான 'வி' வடிவம் எழும்ப அதிகத் திறன் வேண்டும்.

ரோந்துப் படகுக்கு அது சரி. வலை, பனிக்கட்டி, மீன் எல்லாம் ஏற்றித் திரும்பும் படகுக்கு? சுமை கூடியதும் எழும்ப முடியாமல் நீரை உழுதுகொண்டே வரும். குதிரைத்திறனை விளம்பரம் செய்பவர் உற்பத்தியாளர்; டீசலுக்குப் பணம் கட்டுபவர் மீனவர். தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக உயர்வதால், வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே திறன் 27 சதவீதம் குறைந்துவிடும். ஒடுங்கி நீண்ட பழைய வள்ளத்தை நான் ஏளனம் செய்யாததற்குக் காரணம் இதுதான்.

உங்கள் வீட்டில் படகு வாங்கும் பேச்சு எழுந்தால், நீர்மட்ட நீளம் எவ்வளவு, சுமையோடு எடை எவ்வளவு என்று விற்பவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு கணக்கு: 16 மீட்டர் படகின் எல்லை வேகம் என்ன?