மலைக்குப் போகலாம், கேட்டுவிட்டுப் போக வேண்டும்!

ராயப்பன்பட்டி, தேனி மாவட்டத்தில் உள்ள ஊர். உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்தது.

ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். தென்னந்தோப்புகள். பக்கத்தில் சண்முகா நதி அணை. அணைக்குப் பின்னால் மலை. அது மேகமலைத் தொடர்.

காலையில் வாசல் தெளிக்க வருகிற பெண் மலையை நிமிர்ந்து பார்ப்பாள். "மேகம் இறங்கி இருக்கு. இன்னைக்கு மழை உண்டு" என்பாள்.

ஆடு மேய்ப்பவர், மலையில் புகை தெரிந்தால் அந்தப் பக்கம் ஆட்டை ஓட்ட மாட்டார்.

இவர்கள் ஏட்டைப் படித்திருக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். ஆனால் மலையைப் படித்தவர்கள்.

பட்டணத்தில் இருந்து முதன்முதலாக மலை ஏற வருகிறவருக்கு இந்தப் படிப்பு இல்லை. அது அவர் குற்றம் அல்ல. ஆனால் தெரிந்தவர்களைக் கேட்காமல் ஏறினால், அது குற்றம்தான்.

23 உயிர்கள்

இதே தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரை அடுத்து இருக்கிறது குரங்கணி. அங்கே நடந்ததை யாரும் மறக்க முடியாது.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை.

சென்னை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் இருந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மலை ஏற வந்திருந்தார்கள். பலர் இளைஞர்கள். பெண்களும் இருந்தார்கள். கொழுக்குமலை தேயிலைத் தோட்டத்தில் இருந்து குரங்கணியை நோக்கி அவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது.

குரங்கணி மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் ஓடினார்கள். காயம்பட்டவர்களைத் துணியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். வனத்துறை, தீயணைப்புப் படை, போலீசார் விரைந்தனர். விமானப் படை ஹெலிகாப்டர்களும் வந்தன.

அப்படியும் சிலர் மலையிலேயே மாண்டார்கள். மற்றும் பலர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார்கள். மொத்தம் 23 உயிர்கள் போயின.

அவர்கள் போன பாதைக்கு அனுமதி பெறவில்லை என்று அப்போது அரசு கூறியது.

நெருப்பு ஏறும்

மார்ச் மாதம் என்றால் மலையில் புல் காய்ந்து கிடக்கும். ஆள் உயரப் புல்லும் உண்டு. ஒரு பொறி போதும்.

சமவெளியில் பிடிக்கும் தீ வேறு. மலைச் சரிவில் பிடிக்கும் தீ வேறு. சரிவில் கீழே எரியும் தீ, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. அதனால் மேல்நோக்கி வெகு வேகமாகப் பாய்கிறது.

மேட்டில் ஏறும் மனிதனுக்கு மூச்சு வாங்கும். நெருப்புக்கு வாங்காது. ஆகவே மேட்டுப் பக்கம் ஓடித் தப்புவது கடினம்.

இது மலை அடிவாரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். புதிதாக வருகிறவருக்கு யார் சொல்வது?

தடை போதுமா?

"மலை ஏறுவதையே தடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. பெற்ற வயிறு அப்படித்தான் பதறும்.

ஆனால் தடை மட்டும் போதாது. கதவைப் பூட்டினால் சிலர் சுவர் ஏறிக் குதிப்பார்கள். திருட்டுத்தனமாகப் போகிறவர், போகும் இடத்தை யாரிடமும் சொல்ல மாட்டார். அவருக்குக் கால் பிசகினால், தேடி வர ஆள் இராது.

குரங்கணிக்குப் பிறகு, 2018-ம் ஆண்டிலேயே மலையேற்றத்துக்கு என்று தனி விதிகள் வந்தன. 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் தமிழக அரசு ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளியது, நடுத்தரம், கடினம் என்று அவை பிரிக்கப்பட்டன. உள்ளூர் ஆட்களே வழிகாட்டிகள். இது நல்ல வழி.

மேகமலைக் காடு, 2021-ம் ஆண்டு முதல் புலிகள் காப்பகம். நினைத்தவர் நினைத்த பக்கம் நுழைய முடியாது. நுழையவும் கூடாது.

மூன்று கேள்விகள்

முதன்முதலாக மலை ஏறுகிறவர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

இந்தப் பாதைக்கு அனுமதி இருக்கிறதா? அனுமதிச் சீட்டை அவரே கண்ணால் பார்க்க வேண்டும். பணம் கட்டியாயிற்று என்பது அனுமதி ஆகாது.

இது ஏறுவதற்கு ஏற்ற காலமா? கோடையில் தீ. மழைக் காலத்தில் வழுக்கலும் காட்டாற்று வெள்ளமும். இரண்டும் ஆளைக் கொல்லும்.

கூட வருகிற வழிகாட்டி உள்ளூர்க்காரரா? வரைபடம் பாதையைக் காட்டும். இன்று அங்கே யானை நிற்பதைக் காட்டாது.

இந்த மூன்றில் ஒன்றுக்குச் சரியான பதில் வராவிட்டாலும், வீடு திரும்புவதே நல்லது.

திரும்புவதும் வெற்றி

புதியவர் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. உடம்பில் உள்ள தெம்பை எல்லாம் ஏறுவதற்கே செலவழித்துவிடுவார்.

ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் நடுங்கும். கால் சறுக்கும். அதனால் இறங்குவதற்குப் பாதித் தெம்பும், பாதித் தண்ணீரும் மிச்சம் இருக்க வேண்டும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த உடம்பு அங்கே நடுங்கும். மலை இடுக்கில் பொழுதும் சீக்கிரம் இருட்டும். எனவே எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அந்த நேரம் வந்தால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

உச்சி நாளைக்கும் அங்கேயே இருக்கும். போன உயிர் வராது.

பலகை வேண்டும்

அரசு செய்ய வேண்டியதும் உண்டு.

மலை அடிவாரத்து ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்தப் பாதை மூடியிருக்கிறது, எத்தனை மணி நேர நடை, எங்கே தண்ணீர் என்பதைப் பெரிய எழுத்தில், எளிய தமிழில் எழுத வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் அது புரிய வேண்டும்.

வழிகாட்டும் உள்ளூர் இளைஞருக்கு நல்ல கூலி தர வேண்டும். அவருடைய அறிவுதான் மற்றவர்களின் உயிரைக் காக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளையும் முறைப்படி மலை ஏறும்படி கட்டணம் குறைவாக இருக்க வேண்டும். கட்டணம் எட்டாவிட்டால், அவன் குறுக்கு வழி தேடுவான்.

மலை எல்லோருக்கும் பொது. அதன் காற்றைச் சுவாசிக்க எல்லோருக்கும் ஆசை உண்டு. பிள்ளைகள் போகட்டும். ஆனால் கிளம்பும் முன், அடிவாரத்தில் நின்று, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் "அண்ணே, இன்னைக்கு மேலே போகலாமா?" என்று கேட்கட்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. ஆற்றுக்குச் சொன்னது, மலைக்கும் பொருந்தும்.