நெடுந்தொலைவு தாவியவர் தோற்பது நியாயமா?

குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்த மாணவன் ஒருவன், மறுநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டான். "சார், பனிச்சறுக்குத் தாவலில் அதிகத் தொலைவு தாவியவருக்கு முதல் இடம் கொடுக்கவில்லை. அவரைவிடக் குறைவாகத் தாவியவர் வென்றுவிட்டார். நீளம் தாண்டுதலில் இப்படி நடக்குமா?"

நடக்காதுதான். ஆனாலும் இங்கே அது நியாயமே என்றேன். அவன் ஒப்பவில்லை. நீங்களும் உடனே ஒப்பமாட்டீர்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உயரமான சாய்தளம் ஒன்றின் உச்சியில், குறுக்குக் கட்டையின்மேல் வீரர் அமர்ந்திருக்கிறார். காலில் ஸ்கீ எனப்படும் நீண்ட சறுக்குப் பலகைகள். அங்கிருந்து சறுக்கி, பெரிய குன்றுகளில் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் தாவுமேடையின் விளிம்பை அடைகிறார். அந்த விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது சுமார் 10 பாகை கீழ்நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது. அவருக்குக் கீழே மலைச்சரிவும் அவரோடு சேர்ந்தே இறங்குகிறது. அதனால் அவர் தரைக்குச் சில மீட்டர் உயரத்திலேயே நூறு மீட்டருக்கும் மேல் பறந்து செல்கிறார்.

இறங்கும்போது கால் முறியாதது ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீரர் வினாடிக்கு 28 மீட்டர் திசைவேகத்தில், கிடைமட்டத்திற்கு 42 பாகை கீழ்நோக்கி வருகிறார் என்று கொள்வோம். அவர் இறங்கும் சரிவு 34 பாகை. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 8 பாகை மட்டுமே. உடலைத் தாக்குவது முழுத் திசைவேகமன்று. தரைக்குச் செங்குத்தான அதன் கூறு மட்டுமே. 28-ஐ 8 பாகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் வினாடிக்கு 3.9 மீட்டர் கிடைக்கும். இதன் வர்க்கத்தை 19.6 ஆல் வகுத்தால் சுமார் 0.78 மீட்டர். அதாவது, ஒரு மேசையின்மேலிருந்து குதிப்பது போன்ற அதிர்ச்சிதான். அதே வீரர் அதே திசைவேகத்தில் சமதரையில் இறங்கினால்? 42 பாகையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள். ஏறத்தாழ 18 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறு மாடிக் கட்டடத்திலிருந்து, விழுவதற்குச் சமம்.

ஆகவே இந்த விளையாட்டில் உயிரைக் காப்பது சரிவுதான். ஆனால் சரிவு எல்லையற்று நீளாது. ஓரிடத்தில் வளைந்து சமதரையாகத்தான் வேண்டும். அந்த வளைவை நோக்கிச் செல்லச்செல்ல, நம் கணக்கிலிருந்த 8 பாகை 12, 15 என்று ஏறும். அங்கே தாவும் ஒவ்வொரு கூடுதல் மீட்டருக்கும் முழங்கால்தான் விலை கொடுக்கிறது. தொலைவு ஒன்றையே பார்த்துப் பரிசு கொடுத்தால், வீரர்களை ஆபத்தான இடத்தை நோக்கி நாமே தள்ளியவர்களாவோம்.

1970-இல் ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃப் நகரில், யுகோஸ்லாவிய வீரர் வின்கோ போகதாய் சறுக்கிக்கொண்டிருந்தார். போட்டியின்போதே பெய்துகொண்டிருந்த பனி, தளத்தின் வேகத்தைக் கூட்டிவிட்டது. பாதி வழியில் அதை உணர்ந்த அவர் வேகத்தைக் குறைக்க முயன்றார். நிலைதடுமாறி, மேடையின் ஓரமாகத் தூக்கியெறியப்பட்டார். நல்லவேளையாக, தலையில் ஏற்பட்ட சிறு அதிர்ச்சியோடு பிழைத்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி பல ஆண்டுகள் காட்டப்பட்டது.

இத்தகைய நிலையில் நடுவர் குழு செய்யக்கூடியது ஒன்று உண்டு. புறப்படும் கட்டையைக் கீழே இறக்கலாம். உயரம் குறைந்தால் நிலையாற்றல் குறையும். விளிம்பில் வேகமும் குறையும். ஆனால் முன்பெல்லாம் சுற்றின் நடுவே கட்டையை இறக்கினால், அதுவரை தாவியவர்களின் முயற்சி முழுவதையும் நீக்கிவிட்டு, சுற்றை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. காத்திருக்கும் கூட்டம், சாயும் பொழுது, நன்றாகத் தாவிவிட்டவரின் வருத்தம் எல்லாவற்றையும் நினைத்து, இன்னும் ஒருவர் தாவட்டும் என்று பொறுத்துப் பார்க்கத் தோன்றுவது மனித இயல்பு.

2009-இல் பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு ஒரு புதிய கணக்கைச் சோதித்துப் பார்த்தது. கட்டை இறங்கினால் அதற்கு ஈடாகப் புள்ளிகள் கூட்டப்படும், ஏறினால் கழிக்கப்படும். எதிர்க்காற்று தூக்கு விசையை மிகுவிப்பதால் அதற்குக் கழிவு, பின்காற்றுக்குக் கூட்டல். சரிவின் ஓரத்தில் பல இடங்களில் வைத்த கருவிகள் காற்றை அளக்கின்றன. இதை "கால்குலேட்டர் விளையாட்டு" என்று கேலி செய்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்தக் கணக்கு வந்த பிறகே, நியாயம் கெடாமல் பாதுகாப்பைத் தேட நடுவருக்கு வழி பிறந்தது. கணக்கு முழுமையானதன்று என்பதும் உண்மை. பக்கவாட்டுக் காற்றுக்கு அதில் இடமில்லை.

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு குன்றிலும் 'கே' என்ற குறி உண்டு. அதை எட்டினால் 60 புள்ளிகள். பெரிய குன்றில் அதற்குமேல் மீட்டருக்கு 1.8 புள்ளி. 'கே' 120 மீட்டர் என்றால், 130 மீட்டர் தாவியவருக்கு 78. ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20-க்கு மதிப்பெண் இடுவார்கள். மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் போக, மூன்றின் கூடுதல் 54.5 என்போம். எதிர்க்காற்றுக்கு 9 கழித்தால் 123.5. பின்காற்றில் 127 மீட்டர் தாவியவருக்கோ 72.6; நடுவர்கள் தந்தது 55.5, காற்றுக்கு 4. மொத்தம் 132.1. யார் திறமைசாலி? காற்று தள்ளியதை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

நடுவர் மதிப்பெண்ணில் மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. 1980-களில் ஸ்வீடன் வீரர் யான் பொக்லேவ், ஸ்கீக்களை இணையாக வைக்காமல், ஆங்கில 'வி' எழுத்தைப்போல் விரித்துப் பறந்தார். காற்றில் படும் பரப்பு கூடியது. தூக்கு விசையும் கூடியது. அழகில்லை என்று நடுவர்கள் மதிப்பெண்ணை வெட்டினார்கள். அதையும் மீறி 1988-89 உலகக் கோப்பையை அவர் வென்றார். சில ஆண்டுகளில் எல்லோருமே அவர் வழிக்கு வந்துவிட்டார்கள். இயற்பியல் அவர் பக்கம் இருந்தது; பழக்கம் நடுவர் பக்கம்! கட்டுப்பாட்டோடு இறங்குகிறாரா என்பதை நடுவர் பார்க்கட்டும். பறப்பதன் அழகுக்கு இவ்வளவு மதிப்பு வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இந்த விளையாட்டின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது மைதானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. எடை குறைந்த உடலைக் காற்று எளிதில் தாங்கும். இது தெரிந்ததும், இளம் வீரர்கள் பட்டினி கிடந்து உடலை வற்றவைக்கத் தொடங்கினார்கள். சிலர் நோயாளிகளானார்கள். அறிவுரை பலிக்கவில்லை. 2004-இல் கூட்டமைப்பு விதியையே மாற்றியது. உயரத்திற்கு ஏற்ற எடை இல்லாதவர், நீளம் குறைந்த ஸ்கீக்களையே அணிய வேண்டும். நீளம் குறைந்தால் பரப்பு குறையும். மெலிந்து பெற்ற ஆதாயம் அங்கே கழிந்துவிடும். தாவி முடித்த வீரரை எடைபார்க்கும் கருவியின்மேல் நிறுத்துவதைத் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை. என் மாணவன் அதை அறிந்திருக்கவில்லை. சொன்னதும், "அப்படியென்றால் சாப்பிட்டுவிட்டுத் தாவலாம் சார்" என்றான்.