பாதி மில், பாதி வீடு... முகமூடிப் பெண்கள் மீட்ட 18-ம் நூற்றாண்டு நீராலை!

சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம் புழங்கும் வீடு. அந்தப் பக்கம் மரப் பல்சக்கரங்கள், அரவைக் கற்கள், அவற்றுக்குக் கீழே ஓடும் தண்ணீர். இரண்டுக்கும் மேலே ஒரே கூரை!

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், கில்ஃபோர்டு நகரத்தை ஒட்டிய ஷால்ஃபோர்ட் கிராமத்தில் இருக்கிறது இந்தக் கட்டடம். டில்லிங்போர்ன் என்ற சிற்றாற்றின் மேல் 18-ம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மாவு மில். 1914-ல் ஓட்டம் நின்று, பதினெட்டு வருடங்கள் கேட்பாரற்றுக் கிடந்தது. இடிந்து விழுந்திருக்க வேண்டியதை மீட்டுக் கொடுத்தது அரசாங்கமோ கோடீஸ்வரரோ அல்ல, முகமூடி போட்ட சில இளம்பெண்கள். கதையைக் கேட்டால் சினிமா போல இருக்கும். ஆனால், அத்தனையும் நிஜம்.

ஆறு அரைத்த கோதுமை

முதலில் அந்த மில் எப்படி வேலை செய்தது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால்தான், அதை வீடாக்குவது எவ்வளவு சிக்கல் என்பதும் புரியும்.

நம் பாட்டிமார் வீட்டில் திருகை இருந்திருக்கும். அடிக்கல் அசையாது, மேல்கல் சுற்றும், நடுக்குழியில் தானியம் போட்டால் ஓரத்தில் மாவு வந்து விழும். நீராலையும் அதேதான். கைப்பிடியைச் சுற்றும் கைக்குப் பதில் ஆறு.

ஓடும் தண்ணீர் பெரிய சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சுழற்சியைப் பல்சக்கரங்கள் வாங்கி, நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு பெரிய தண்டுக்குக் கொடுக்கும். தண்டு சுற்றினால் அரவைக் கற்கள் சுற்றும். மூட்டைகளை மேலே இழுக்கும் கயிற்றுக்கும் அதே தண்ணீர்தான் பலம்.

ஷால்ஃபோர்ட் மில்லில் மேல்தளத்தின் ஒரு பகுதி, மரத்தூண்கள் தாங்க, தெருப்பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. அழகுக்காகச் செய்தது அல்ல. தானிய வண்டி அதன் அடியில் வந்து நிற்கும். மூட்டை அப்படியே மேலே ஏறிப்போகும். மேல்தளத்தில் கொட்டிய தானியம் நடுத்தளத்துக் கற்களில் இறங்கி, மாவாகக் கீழ்த்தளத்தில் வந்து விழும். ஏற்றுவதற்குத்தான் தண்ணீர் பலம், இறக்குவதற்குப் புவியீர்ப்பே போதும்.

அதாவது, இது இயந்திரம் வைத்திருக்கும் கட்டடம் என்பதைவிட, கட்டடம் முழுவதுமே ஓர் இயந்திரம் என்பதுதான் சரி.

டில்லிங்போர்ன் ஆறு மாவு மட்டும் அரைக்கவில்லை. இதே ஆற்றங்கரையில், பக்கத்து ஊரான சில்வொர்த்தில் 1626-ல் வெடிமருந்து ஆலை தொடங்கியது யார் தெரியுமா? நம் நாட்டுச் சரித்திரத்தில் அடிக்கடி வரும் அதே கிழக்கிந்திய கம்பெனி!

ஏன் நின்றது?

19-ம் நூற்றாண்டின் கடைசியில் இரும்பு உருளைகள் கொண்ட பெரிய மாவு ஆலைகள் வந்தன. வெளிநாட்டுக் கோதுமை கப்பலில் வந்து இறங்க, துறைமுகத்திலேயே அரைத்து மூட்டை கட்டி அனுப்பினார்கள். மாவு வெள்ளையாக இருந்தது, நிறைய நாள் கெடாமல் இருந்தது, விலையும் கட்டுப்படியானது. கிராமத்து மில்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. முதல் உலகப்போர் தொடங்கிய 1914-ல் ஷால்ஃபோர்ட் மில்லும் நின்றது.

ஓடாத மில்லுக்குச் சாவு வேகமாக வரும். கூரையில் ஓர் ஓடு நழுவினால் மழை உள்ளே இறங்கும், மரம் உளுக்கும், தளம் தொய்யும். ஆள் புழங்காத வீடு எப்படிப் பாழாகும் என்று நமக்குச் சொல்லியா தர வேண்டும்?

பணமூட்டையோடு வந்த முகமூடி

அப்போதுதான் வருகிறது ‘ஃபெர்குசன் கும்பல்’. பழைய கட்டடங்களும் பசுமையான நிலங்களும் அழிவது பொறுக்காமல் சேர்ந்த பெண்களின் ரகசியக் கூட்டணி. லண்டன் நகரம் ஆக்டோபஸ் போலக் கைகளை நீட்டி கிராமங்களை விழுங்குகிறது என்று எச்சரித்து, கட்டடக் கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ் எல்லிஸ் 1928-ல் எழுதிய ‘இங்கிலாந்து அண்ட் தி ஆக்டோபஸ்’ புத்தகம் இவர்களை உலுக்கியிருந்தது.

நிஜப்பெயர் யாருக்கும் கிடையாது. பில் ஸ்டிக்கர்ஸ், ரெட் பிடி, சிஸ்டர் அகதா என்று புனைபெயர்கள்தான். பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குப் பணம் திரட்டிக் கொடுப்பதே நோக்கம். கொடுத்த விதம்தான் அமர்க்களம். 1933-ல் முகமூடியோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்த ரெட் பிடி, 100 பவுண்டு மதிப்புள்ள வெள்ளிக் காசுகளைக் கொடுத்துவிட்டு மாயமானார். இன்னொரு முறை அன்னாசிப்பழம் போன்ற போலிப் பழம் ஒன்றுக்குள் பணம்! பத்திரிகைகள் இதை விடுமா? செய்திக்குச் செய்தி, டிரஸ்ட்டுக்கு விளம்பரமும் ஆயிற்று.

இவர்களின் முதல் பெரிய மீட்பு ஷால்ஃபோர்ட் மில். அது காட்வின் ஆஸ்டின் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே2-வுக்கு ‘மவுன்ட் காட்வின் ஆஸ்டின்’ என்று ஒரு பெயர் உண்டே, அந்தப் பெயருக்குரிய நில அளவையாளர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். கும்பல் பணம் திரட்ட, 1932-ல் மில் டிரஸ்ட்டின் கைக்கு வந்தது.

இரண்டாகப் பிரித்த சாமர்த்தியம்

மீட்டாயிற்று. இனி என்ன செய்வது? மில்லாக ஓட்டினால் வருமானம் இல்லை. பூட்டி வைத்தால் மறுபடியும் பாழாகும். முழுவதையும் வீடாக மாற்றலாம் என்றால், கீழிருந்து மேல்வரை இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் சக்கரங்களையும் கற்களையும் பிடுங்கிப் போட வேண்டும். இங்கிலாந்தில் வீடாக மாறிய எத்தனையோ நீராலைகளில் நடந்தது அதுதான். வெளியே பார்த்தால் மில், உள்ளே போனால் வரவேற்பறையில் ஓர் அரவைக்கல் மட்டும் அலங்காரப் பொருளாகக் கிடக்கும்.

இங்கே அந்தத் தவறு நடக்காமல் பார்த்துக்கொண்டவர் ஜான் மேக்ரெகர். பழங்கட்டடங்களைப் பாதுகாக்க வில்லியம் மோரிஸ் 1877-ல் தொடங்கிய சங்கத்தோடு இணைந்து வேலை பார்த்த கட்டடக் கலைஞர். ‘புதிதாகக் கட்டாதே, இருப்பதைப் பழுதுபார்’ என்பதுதான் அந்தச் சங்கத்தின் கொள்கை. அவர் கட்டடத்தை இரண்டாகப் பிரித்தார். சக்கரமும் கற்களும் இருந்த பகுதி அப்படியே மில்லாக நின்றது. மறுபகுதி, மனிதர்கள் வாழும் வீடானது.

யார் குடிவந்தார்கள்? மேக்ரெகரின் குடும்பமேதான்! கும்பல் அவருக்கும் ஒரு பெயர் சூட்டியது. ‘ஆர்டிசோக்’... ஒரு காய்கறியின் பெயர்! மில்லிலேயே ஓர் அறையைக் கும்பல் தன் ரகசியத் தலைமையகமாக வைத்துக்கொண்டது. கூட்டம் நடக்கும் நாளில் லண்டனின் பிரபல ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையிலிருந்து விருந்து வந்து இறங்கும். சதித்திட்டம் போட்டாலும் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை!

பில் ஸ்டிக்கர்ஸ் என்ற பெயரில் இயங்கியவர், கேம்பிரிட்ஜில் சமஸ்கிருதம் படித்த மார்கரெட் பொல்லார்ட். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனின் உறவினர். ரெட் பிடி, ரேச்சல் பின்னி என்ற டாக்டர். பல பத்தாண்டுகள் ரகசியம் காத்தார்கள். அந்தக் கதையை முழுமையாகச் சொல்லும் புத்தகம் 2015-ல் வந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவரான பாலி பேக்னல், மேக்ரெகரின் பேத்தி.

குடியிருந்ததால் பிழைத்தது

பணம் கொடுத்துக் காப்பாற்றியது கும்பல். ஆனால், அது ஒருமுறை செய்த உதவி. அதன்பிறகு பல பத்தாண்டுகளாக அந்தக் கட்டடம் தாக்குப்பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே ஆட்கள் வாழ்ந்தார்கள். அடுப்பு எரியும் வீட்டில் ஈரம் தங்காது. கூரை ஒழுகினால் அன்றைக்கே தெரியும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் முதலில் பார்ப்பதும் வீட்டுக்காரர்தான்.

வசதியான குடியிருப்பு என்று சொல்ல முடியாது. தண்ணீருக்கு மேலே வாழ்ந்தால் ஈரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். மூட்டை அடுக்கக் கட்டிய தளங்களில் வெளிச்சத்துக்கும் தனி அறைகளுக்கும் வழி கண்டுபிடிக்க வேண்டும். ‘சக்கரம் இருக்கும் இடத்தில் இன்னும் இரண்டு அறை எடுக்கலாமே’ என்ற ஆசை எந்தக் குடும்பத்துக்கும் வரத்தான் செய்யும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காததால்தான், 18-ம் நூற்றாண்டில் ஒரு கிராமம் எப்படி மாவு அரைத்தது என்பதை இன்றைய குழந்தைகள் நேரில் பார்க்க முடிகிறது.

கில்ஃபோர்டு பக்கம் உறவினர்களைப் பார்க்கப் போகிறவர்கள், மில் திறந்திருக்கும் நாளை நேஷனல் டிரஸ்ட் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போகலாம். பார்வையாளர்களுக்கு மில் பகுதி மட்டும்தான். அடுத்த பாதி இன்னமும் வீடு. அங்கே கதவைத் தட்டாதீர்கள்!