எந்த டிஸ்க் என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்

நம் இதழில் வரி, உரிமம், எடை முத்திரை பற்றியெல்லாம் அவ்வப்போது எழுதி வருகிறோம். இம்முறை பில் போடும் மேசைக்கு அடியில் விளக்கு மினுக்கிக் கொண்டு கிடக்கும் கறுப்புப் பெட்டியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. உடுமலையில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் வைத்துப் பில் போடும் கடைகள் பலவற்றில் சரக்கிருப்பு, கடன் பாக்கி, வரவு செலவு எல்லாம் இன்று அந்தப் பெட்டிக்குள்தான். நம் தந்தையார் காலத்தில் சிட்டையும் பேரேடும் இரும்புப் பெட்டியில் இருந்தன. அதன் சாவி யாரிடம் என்பது வீட்டாருக்கெல்லாம் தெரியும். இந்தப் பெட்டியைப் பற்றி முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. மெக்கானிக்குக்குத் தெரியும், அவர் கோயமுத்தூரில் இருக்கிறார்.

பெட்டியின் சூட்சுமம் பெரிதல்ல. ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் பொருள். என்றைக்காவது ஒரு நாள் நின்றே தீரும். ஆகவே ஒரே கணக்கை இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். ஒன்று நின்றால் மற்றது கடையை ஓட்டும். மூன்று, நான்கு டிஸ்க் உள்ள பெட்டியில் வேறு முறை உண்டு. ஒன்றில் 40, இன்னொன்றில் 25, மூன்றாவதில் கூட்டுத்தொகை 65 என்று எழுதி வைத்தால் எது தொலைந்தாலும் மற்ற இரண்டைக் கொண்டு கண்டுபிடித்து விடலாமல்லவா? பெட்டி போடும் கணக்கு கூட்டல் கணக்கு அல்ல என்றாலும் தத்துவம் இதுதான். 1987-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் இதற்கு 'ரெய்டு' என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் நம்மவர்களுக்கு வேறு ஞாபகம் வரும், அது அவர்கள் குற்றமல்ல.

நின்று போன டிஸ்க்கை, பெட்டியை அணைக்காமல், பில் ஓடிக் கொண்டிருக்கும்போதே உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். ஹாட் ஸ்வாப் என்கிறார்கள். இதற்கென்றே டிஸ்க்கின் செருகு முனையில் தரைத் தொடர்புக்கான முள்கள் மற்றவற்றைவிடச் சற்று நீளமாக இருக்கும். அவை முதலில் தொட்டு, கடைசியில் விடும். ஓட்டத்தில் மாற்றலாம் என்று பெட்டியின் புத்தகத்தில் போட்டிருந்தால்தான் இது செல்லும். சாதாரணக் கம்ப்யூட்டரைத் திறந்து ஓட்டத்தில் உருவுவது வேறு கதை, அதைச் செய்ய வேண்டாம்.

வசதி நல்ல வசதி. அந்த வசதியால்தான் நாங்கள் கெட்டோம்.

2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு, வெள்ளிக்கிழமை. மண்டியில் நிற்க இடமில்லை. சில நாட்களாகவே பெட்டி கீச் கீச்சென்று கத்திக் கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொன்னது நாங்களே. மஞ்சள் விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று கணக்குப்பிள்ளை அதன் மேல் டேப் ஒட்டியிருந்தார். அன்று பில் மெதுவாக வரவே மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். அவர் அங்கிருந்தே திரையைப் பார்த்து, "ஒண்ணாம் நம்பர் டிஸ்க் போயிருச்சுங்க, அதை உருவிட்டுப் புதுசைப் போடச் சொல்லுங்க" என்றார். கடைப் பையன் முதல் டிஸ்க்கை உருவினான். ஆனால் அந்தப் பெட்டி பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற பெட்டி. அதன் ஒண்ணாம் நம்பர் என்பது இரண்டாவது அறை. உருவியது நல்ல டிஸ்க். கெட்டது சில நிமிடம் திணறிவிட்டு நின்று விட்டது. பையன் பதறிப் போய் நல்லதை மறுபடி செருகினான். திரையில் ஏதோ கேள்வி வந்தது. 'ஆம்' என்பதை அழுத்தினான். புது டிஸ்க்காக எண்ணி அதையும் துடைத்து விட்டது.

பென் டிரைவில் எடுத்து வைத்த நகல் 19 நாள் பழையது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள கடைகளுக்குப் போட்ட பில் தப்பியது. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் 2023 ஆகஸ்ட் முதல் மின்-விலைப்பட்டியல் போட வேண்டும் என்பதால் அவை அரசாங்கத் தளத்தில் இருந்தன. ஆனால் பதிவு இல்லாத சிறு கடைக்காரர்களின் கடன் சிட்டை அங்கே இல்லை. ரொக்கமாக வாங்கிய வரவும் இல்லை. யார் யாரை நம்பிச் சரக்கு கொடுத்தோமோ அவர்கள் கணக்குத்தான் மொத்தமாகப் போனது.

வெட்கத்தை விட்டு எல்லோரிடமும் சொன்னோம். அநேகம் பேர் தங்கள் நோட்டைக் கொண்டு வந்து காட்டினார்கள். தளிப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், "ஏனுங்கண்ணா, உங்க பொட்டி போனா என்னங்க, நம்ம நோட்டு இருக்குதில்லீங்க" என்று சொல்லி, எங்களுக்கு ஞாபகமே இல்லாத இரண்டு பில்லுக்குப் பணத்தை எண்ணி வைத்தார். வராதவர்கள் ஒரு சிலர். அது நட்டத்தில் போகட்டும். மனதை அறுப்பது வேறொன்று. முந்தின வாரமே கட்டி முடித்த ஒருவரிடம், வரவு இல்லாததால், மறுபடி பாக்கி கேட்டு விட்டோம். அவர் சண்டை போடவில்லை. ரசீதைக் காட்டிவிட்டுப் போனார். இருபது வருஷ வாடிக்கை; இப்போது பொள்ளாச்சியில் வாங்குகிறார்.

மெக்கானிக் மேல் குற்றம் சொல்லித் தப்பித்துக் கொள்ள எங்களுக்கு மனமில்லை. அறையைப் பார்க்காமல் நம்பரை மட்டும் சொன்னது அவர் பிழை. டேப்பும் சத்தமும் பழைய நகலும் எங்கள் பிழை. பெட்டியில் நாம் கை வைக்கக் கூடாது, அதெல்லாம் படித்தவர்கள் வேலை என்று நம்மில் பலர் ஒதுங்கி நிற்பது தவறு என்பது எங்கள் கருத்து. படி பிடிக்கத் தெரியாத மளிகைக்காரர் உண்டா? அதைப் போல இதுவும் கடையில் ஒருவருக்காவது, முதலாளிக்கே தெரிந்தால் மிக நல்லது, தெரிந்திருக்க வேண்டிய தொழில்.

கற்றுக் கொள்ள ஒரு மாலை போதும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மேலே சீரியல் நம்பர் அச்சிட்டிருக்கும். பெட்டி வாங்கிய அன்றே எந்த அறையில் எந்த நம்பர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டி விடுங்கள். ஒன்று கெட்டது என்று தெரிந்தால் திரை சொல்லும் சீரியல் நம்பரையும் ஒட்டிய சீட்டையும் எரிகின்ற விளக்கையும் மூன்றையும் பார்த்து, மூன்றும் ஒத்து வந்தால்தான் கை வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு வேலை: இன்று வரைக்கும் உள்ள கணக்கை வெளியில் நகல் எடுத்துக் கொள்ளுங்கள். மிச்சமிருப்பது ஒரே ஒரு டிஸ்க். புதியது நிறையும் வரை முழுப் பாரமும் அதன் தலையில்தான். 4 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 100 முதல் 150 மெகாபைட் வீதம் நிரப்பினாலும் 7 முதல் 11 மணி நேரம் ஆகும். பில்லும் ஓடினால் இன்னும் கூடும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரட்டை டிஸ்க்குகள் ஒரே வயதில் தளர்வதும் உண்டு. அதனால் ஓட்டத்திலேயே மாற்றலாம் என்றாலும் வியாபார நேரத்தில் மாற்றாதீர்கள். கடை சாத்திய பிறகு மாற்றி, இரவில் ஓட விடுங்கள். யு.பி.எஸ். பாட்டரி நன்றாக இருக்கிறதா என்று அன்று சாயங்காலமே பார்த்து விடுங்கள்; பாதியில் கரண்டு போனால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாற்று டிஸ்க் முன்கூட்டியே அலமாரியில் இருக்கட்டும். லாரிக்கு ஸ்டெப்னி இல்லாமல் யாராவது லோடு ஏற்றுவார்களா? அளவு பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும், துளி குறைந்தாலும் பெட்டி ஏற்காது. வாங்கும்போது எஸ்.எம்.ஆர். வகையா என்று கேளுங்கள். அவ்வகையில் தடங்களை ஓடு வேய்ந்தது போல ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள். மறுபடி எழுதும்போது மிகவும் மெதுவாகி விடும். பெட்டிகளுக்கென்றே விற்ற ரெட் வரிசை டிஸ்க் சிலவற்றில் அந்த முறை இருந்ததை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனமே 2020-இல் ஒப்புக் கொண்டது. பழைய டிஸ்க் ஒன்றைச் செருகுவதாக இருந்தால் அதில் இருப்பது அழியும் என்று தெரிந்து செருகுங்கள்.

இரண்டு டிஸ்க் இருக்கிறதே, நகல் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். ஒரு பேரேட்டுப் பக்கத்தைத் தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டையும் பூட்டும். தீப்பிடித்தால் கேட்கவே வேண்டாம். தென்கொரியாவில் தேஜான் நகரத்து அரசாங்கக் கம்ப்யூட்டர் நிலையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று பாட்டரிகளை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு வெளி நகல் இல்லாமல் சாம்பலாகி விட்டது. மெமரி சிப் தயாரித்து உலகுக்கு விற்கும் தேசத்தின் நிலை அது. நம் சட்டமும் சும்மா இல்லை. ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டறிக்கை தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கென்றால் விபத்தில் அழிந்தாலும் மீட்கும்படி முறையான நகல் இருக்க வேண்டும் என்று 57-ஆவது விதி சொல்கிறது. டிஸ்க் போய்விட்டதுங்க என்ற பதில் அங்கே எடுபடாது. நாங்கள் இப்போது தினமும் கடை சாத்துமுன் ஒரு நகலும், வாரம் ஒரு முறை வீட்டுக்குக் கொண்டு போகும் வேறொரு நகலும் எடுக்கிறோம். கடன் வரவுக்கு மட்டும் பழையபடி கைச்சிட்டையும் உண்டு. மகன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் பழைய பெட்டி மண்டியின் பின்னறையில் சும்மா கிடக்கிறது. டிஸ்க்குகளும் ஒன்றிரண்டு இருக்கின்றன. அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் அதை மேசை மேல் வைத்து ஓட விடுகிறோம். வருகிற உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஒரு டிஸ்க்கை உருவிச் செருகிப் பார்க்கட்டும். தவறானதை உருவினாலும் அதில் யாருடைய பாக்கியும் இல்லை. கடையில் பில் போடும் பையன்களையும் பெண்களையும் உடன் அழைத்து வாருங்கள். பெட்டியின் மேல் ஒட்டச் சீட்டுகளை அச்சடித்துக் கொண்டு வருவது எங்கள் பொறுப்பு.