சுட மறுப்பவருக்கும் சட்டத்தில் இடம் வேண்டும்: குடிமக்களின் கோரிக்கைச் சாசனம்

இந்திய ராணுவ அதிகாரி எந்தப் பிரதமரின் பெயரையும் சொல்லி உறுதிமொழி எடுப்பதில்லை. அரசியலமைப்புச் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்றே சொல்கிறார். அந்தச் சட்டம் எங்களுடையது. ஆகவே அந்த வாக்கும் எங்களுக்குக் கொடுத்த வாக்கு. அதை அவர் காப்பாற்றுவதற்கு வேண்டியதை நாடாளுமன்றமும் பாதுகாப்பு அமைச்சகமும் செய்து தர வேண்டும்.

முதலாவதாக, 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 41ஆம் பிரிவைத் திருத்துங்கள். சட்டப்படியான கட்டளையை மீறினால் 14 ஆண்டு வரை சிறை என்கிறது அது. சட்டத்துக்குப் புறம்பான கட்டளை வந்தால் என்ன செய்வது என்பதற்கு அங்கே ஒரு சொல்லும் இல்லை. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 14ஆம் பிரிவைப் பாருங்கள்: மேலதிகாரியின் உத்தரவின்பேரில், சட்டத்துக்கு இணங்க, கூட்டத்தின் மீது சுடும் சிப்பாய் குற்றம் செய்தவரல்ல என்று உதாரணம் காட்டுகிறது. ஆங்கிலேயர் எழுதி வைத்த உதாரணம், எண் மட்டும் மாறிப் புதுச் சட்டத்துக்கு வந்திருக்கிறது. சுட்டவருக்கு உதாரணம் உண்டு, மறுத்தவருக்கு இல்லை. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில், ஆயுதமில்லாத மக்கள் மீது சுடச் சொன்னபோது மறுத்தவர் கார்வால் படையின் சந்திர சிங். ஆயுள் தண்டனை பெற்று, 1941இல்தான் வெளியே வந்தார். 1994இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்ட நாடு, அவரைப் போன்றவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வரி எழுத இன்னும் எதற்குக் காத்திருக்கிறது? குற்றமாகும் செயலைச் செய்யச் சொன்னால் கீழ்ப்படியக் கூடாது என்று ஜெர்மனியின் படைவீரர் சட்டம் 1956லேயே எழுதிவிட்டது. அதே வரியை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டு வாருங்கள்.

இரண்டாவதாக, மக்களுக்கு எதிராகப் படையை இறக்கும் எந்த உத்தரவும் எழுத்தில், கையெழுத்தோடு வர வேண்டும். 2024 டிசம்பர் 3 இரவு தென்கொரியாவில் ராணுவ ஆட்சி அறிவிக்கப்பட்டபோது, நாடாளுமன்றத்துக்குள் இருப்பவர்களை வெளியே இழுத்து வரும்படி அதிபரே தொலைபேசியில் சொன்னதாகச் சிறப்புப் படைத் தளபதி பின்னர் சாட்சியம் அளித்தார். அதிபர் மறுத்தார். வாய்மொழி உத்தரவில் நேரும் சிக்கல் இதுதான்: சொன்னவர் நழுவிக்கொள்ளலாம், செய்தவர் மாட்டிக்கொள்வார். அவசரத்தில் எழுத நேரமில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் எழுதித் தரட்டும்.

மூன்றாவதாக, ஆட்சேபம் தெரிவிக்கும் அதிகாரியைப் பழிவாங்கக் கூடாது. அவருடைய ஆட்சேபம் பதிவாக வேண்டும். அதன் பிறகு வரும் இடமாற்றத்தையும் ரகசியக் குறிப்பேட்டில் விழும் கருப்பு மதிப்பெண்ணையும் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். தீர்ப்பாயம் ஏற்கெனவே இருக்கிறது. இடமாற்றத்தை விசாரிக்கும் அதிகாரமும் காலக்கெடுவும்தான் பாக்கி.

நான்காவதாக, ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, படையினர் மீது வழக்குத் தொடர மத்திய அரசின் அனுமதி கேட்டால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லுங்கள்; மறுத்தால் காரணத்தை வெளியிடுங்கள். நாகாலாந்தின் ஓட்டிங்கில் 2021 டிசம்பர் 4 அன்று, சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பியவர்களில் ஆறு பேர் சிறப்புப் படையினரின் குண்டுக்குப் பலியானார்கள். அடுத்த நாளுக்குள் பொதுமக்களில் இறந்தவர்கள் 14 பேர். மாநிலக் காவல்துறை 30 படையினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தும் மத்திய அரசு அனுமதி தரவில்லை. 2024இல் உச்ச நீதிமன்றம் வழக்கு நடவடிக்கையை முடித்து வைத்தது. கேள்வியே வராது என்று சட்டமே உறுதி தரும் இடத்தில், மனசாட்சியின் பேச்சை யார் காதில் வாங்குவார்?

ஐந்தாவதாக, ஓய்வு பெறும் தளபதிகள் கட்சியில் சேரவும், தேர்தலில் நிற்கவும், ஆளுநராகவும் இரண்டாண்டு இடைவெளி விதியுங்கள். தனியார் நிறுவனத்தில் சேர்வதற்கே ஓராண்டுக் கட்டுப்பாடு இருக்கிறது. நாளைய பதவியை இன்றைய ஆட்சியாளரிடம் எதிர்பார்ப்பவரால் அவரிடம் மறுத்துப் பேச முடியாது.

கடைசியாக, டேராடூனிலும் கடக்வாஸ்லாவிலும் எங்கள் பரங்கிமலையிலும் ராணுவ அதிகாரிகளாகப் பயிற்சி பெறுபவர்களுக்குப் பெஷாவரும் ஓட்டிங்கும் கட்டாயப் பாடமாக வேண்டும், தேர்வுக் கேள்வியோடு. இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த பயிற்சி அணி சேரும் முன் அதை அனுப்புங்கள்.